மச்சு மேலே ஒரு பெரிய எலி

காலையில் பல் விளக்கி முடிப்பதற்குள் செபாஸ்தியான் ஒரு சபதம் எடுத்துவிட்டார்.

"இந்த மே மாசம் நடு ரூம் கட்டில எவனுக்கும் வுட்டுக் குடுக்கமாட்டேன்."

பிரஷ்ஷை உயர்த்திப் பிடித்துக்கொண்டு கண்ணாடியைப் பார்த்துச் சொன்னார். சொன்னதும் அவருக்கே உடம்பு சிலிர்த்தது. பேஸ்ட் ஒரு சொட்டு பனியனில் விழுந்தது. அதைத் துடைத்துக்கொண்டே இன்னொரு தரம் சொல்லிப் பார்த்தார். இந்தத் தரம் குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டார். பாக்கியம் பக்கத்துச் சமையற்கட்டில்தான் இருந்தாள்.

'எவனுக்கும்' என்று பொதுவாகச் சொன்னாலும், அந்த எவன் யார் என்று அந்த வீட்டுப் பூனைக்குக் கூடத் தெரியும். மார்ட்டின். பாக்கியத்தின் தம்பி. அம்பத்தூரில் ஒரு லேத்துப் பட்டறையில் சூப்பர்வைசர். ஆள் நல்ல ஆகிருதி. மனசும் நல்ல மனசுதான். ஆனால் அந்த ஆகிருதி போன வருஷம் மே மாதம் முழுவதும் நடு ரூம் கட்டிலில் மல்லாந்து கிடந்தது. கட்டிலுக்குச் சொந்தக்காரர் முன் ஹாலில் பாய் விரித்துக்கொண்டு வெந்தார். முன் ஹால் காங்கிரீட் போட்டது. மே மாதத்தில் அதன் கீழே படுப்பதும் தோசைக்கல்லின் அடியில் படுப்பதும் ஒன்றுதான்.

செபாஸ்தியான் கள்ளக்குறிச்சியில் ஓர் உதவி பெறும் பள்ளியில் டிராயிங் வாத்தியார். வருஷம் பூராவும், "கோட்ட நேரா போடுடா, அது யானையா, இட்லி குண்டானா?" என்று கத்திக் கத்தித் தொண்டை வறண்டு போகிறவர். அவருக்கு வாழ்க்கையில் பெரிய ஆசைகள் கிடையாது. மே மாதத்தில் மத்தியானம் மோர்ச்சோறு சாப்பிட்டுவிட்டு, நடு ரூம் கட்டிலில் சாய்ந்து, நான்கு மணிக்கு டீ வாசம் மூக்கில் ஏறும்வரை தூங்க வேண்டும். அவ்வளவுதான். அதற்காகத்தான் மற்ற மாதங்களை அவர் பொறுத்துக்கொண்டிருந்தார்.

அந்த நடு ரூமில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். நடு ரூமில் ஒன்றுமில்லை. அதற்கு மேலேதான் இருக்கிறது. முன் ஹாலைத் தவிர மற்றதெல்லாம் ஓட்டு வீடு. ஓட்டுக்குக் கீழே பலகை மச்சு. ஓட்டுக்கும் பலகைக்கும் நடுவில் ஓர் ஆள் தவழ்ந்து போகிற அளவு இடம். அங்கே நடு ரூமின் தலைக்கு நேரே, தலையணை மாதிரி தட்டையாகத் தைத்த உமி மூட்டைகள் வரிசையாகப் பரப்பியிருக்கும். பாக்கியத்தின் அப்பா அரிசி மில்லில் வேலை பார்த்தவர். கல்யாணமான புதிதில் அவர் சொன்ன யோசனை அது. ஓட்டின் சூடு உமியைத் தாண்டிக் கீழே இறங்காது. வெளியே தார் ரோடு உருகும்போது நடு ரூமில் ஆள் படுத்தால் எழுந்திருக்க மனசு வராது. தெருவிலேயே ஏசி இல்லாமல் குளுகுளுவென்று இருக்கிற ஒரே அறை அது.

சபதத்துக்குக் காரணம் முந்தின நாள் சாயங்காலம் வந்த போன்.

"தம்பி பேசினான்" என்றாள் பாக்கியம். "வியாழக்கிழம வராங்களாம். லிடியாவும் வருது. அப்பறம் வந்து—"

"போதும்."

"முழுசா கேளுங்க."

"கேட்டு இன்னா ஆவப் போவுது? வரான்னா வரட்டும். போன வருசம் மாசம் பூரா குந்தல? அந்த மாதிரி குந்தட்டும்."

"அதில்லிங்க, நான் சொல்ல வரது—"

செபாஸ்தியான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தோட்டப் பக்கம் போய்விட்டார். கோபத்தில் துண்டு உதறுவது அவருக்குப் பிடித்த காரியம். அதைத் தவிர வேறு கோபம் அந்த வீட்டில் செல்லாது.

மறுநாள் காலை சபதம் எடுத்த கையோடு அதே தோட்டத்தில் நின்று கொய்யா மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. வந்த வேகத்தில் அவர் மரத்தையே பிடித்துக்கொண்டார். அடடா, இத்தனை வருஷமாக இது ஏன் தோன்றவில்லை? மார்ட்டினைக் கட்டிலிலிருந்து எழுப்பவே வேண்டாம். கட்டிலுக்கு மேலே இருக்கிற குளிர்ச்சியை நகர்த்திவிட்டால் போதும்.

வீட்டின் பின்பக்கம் ஒரு சின்ன ரூம் இருக்கிறது. பழைய பீரோ, உடைந்த தையல் மிஷின், மகள் எழில்மதியின் பள்ளிக்கூடப் புத்தகங்கள் கிடக்கும் ரூம். மகள் இப்போது புதுச்சேரியில் நர்சிங் படிக்கிறாள், ஹாஸ்டலில் இருக்கிறாள். அந்த ரூமுக்கு ஜன்னல் கிடையாது, மேலே மூட்டையும் கிடையாது. அதில் ஒரு மனுஷன் விரும்பிப் போய்ப் படுப்பான் என்று யாரும் நினைக்க மாட்டார்கள். நடு ரூம் மூட்டைகளை எல்லாம் அந்தச் சின்ன ரூமுக்கு மேலே இரண்டு அடுக்காகப் போட்டுவிட்டால்? மார்ட்டின் நடு ரூமில் வேவான். செபாஸ்தியான் சின்ன ரூமில் ஜிலுஜிலுவென்று கிடப்பார். பார்க்கிறவர்கள் கண்ணுக்கோ, மச்சானுக்காகக் கட்டிலையே தியாகம் செய்த உத்தமர்.

சந்தோஷத்தில் கொய்யா மரத்துக்கு ஒரு முத்தம் கொடுத்திருப்பார். மரத்தில் கட்டெறும்பு இருந்தது.

மூட்டைகளை நகர்த்துவதற்கு நல்ல சாக்கு தானாகவே வந்திருந்தது. வருஷா வருஷம் அக்கினி நட்சத்திரத்துக்கு முன்னால் அந்த மூட்டைகளைக் கீழே இறக்க வேண்டும். வெயிலில் காய வைத்து, தடியால் தட்டி, அமுங்கிப் போனதைப் பிரித்து உதறி, எலி கடித்த கோணியைத் தைத்து, நொச்சி இலை போட்டு மறுபடி மேலே ஏற்ற வேண்டும். செபாஸ்தியானுக்கு அதைப் போல ஒரு வேதனை கிடையாது. உமி கழுத்தில் ஏறும், காதில் ஏறும், இரண்டு நாளைக்கு அரிக்கும். வழக்கமாக பாக்கியம் நாலு தரம் சொல்லி, சாமி படத்துக்கு முன்னால் ஒரு தரம் அழுது, அதற்கப்புறம்தான் அவர் ஏணியில் கால் வைப்பார்.

அன்றைக்கு அவரே பக்கத்து வீட்டுக் கொளஞ்சியப்பனிடம் போய் ஏணி கேட்டு வாங்கி வந்தார். கொளஞ்சியப்பன் பெயிண்ட் அடிக்கிறவன்.

"இன்னா சாரு, இந்த வருசம் அக்கா அடிக்கறதுக்கு முன்னாடியே வந்துட்டீங்க?" என்றான்.

"வூட்டு வேலய நாமதானப்பா பாக்கணும்."

பாக்கியம் வாசலில் நின்று இதைக் கேட்டாள். புருஷனின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். ஜுரம் இல்லை.

மூட்டைகள் வாசலில் காய்ந்தன. செபாஸ்தியான் சீட்டி அடித்துக்கொண்டே தட்டினார், தைத்தார், தூக்கினார். பிற்பகல் மச்சுமேல் ஏறித் தவழ்ந்து, ஒவ்வொன்றாகச் சின்ன ரூமின் மேலே கொண்டுபோய் அடுக்க ஆரம்பித்தார். கீழே ஏணியடியில் நின்றுகொண்டு பாக்கியம் மேற்பார்வை பார்த்தாள்.

"இன்னாங்க, பக்கத்துல பக்கத்துல ஒட்டி வெச்சீங்களா? நடுவுல சந்து வுட்டா அந்த சந்து வழியாதான் சூடு எறங்கும்."

"ஒட்டிதான் வெக்கறேன்."

"மேல ஏறி அமுக்காதீங்க. உமி அமுங்கிட்டா ஒண்ணுத்துக்கும் ஆவாது."

"அமுக்கல."

"ஓட்டோட முட்டக்கூடாது. காத்து போவணும்."

"நான் டிராயிங் வாத்தியார். எனக்கு அளவு தெரியாதா?"

"நடு ரூமுக்கு மேல போட்டாச்சா?"

செபாஸ்தியான் கையிலிருந்த மூட்டையைச் சின்ன ரூமின் மேலே தள்ளினார். வாய்க்குள் உமி. "போட்டாச்சு" என்றார்.

"சமையக்கட்டுக்கு மேல?"

"ஆரம்பிச்சிட்டியா?"

இது வருஷா வருஷம் கேட்கிற கேள்வி. வருஷா வருஷம் சொல்கிற பதில். பழைய காலத்தில் விறகடுப்பு எரிந்தபோது புகை போவதற்காகச் சமையற்கட்டின் மேலே மட்டும் மூட்டை போடாமல் விட்டார்கள். அப்புறம் கேஸ் அடுப்பு வந்தது, புகை போய்விட்டது. சாக்கு மட்டும் போகவில்லை. "அடுப்புக்கு மேல உமி போட்டா பத்திக்கும்" என்பார். "கேஸ் அடுப்பு நெருப்பு மச்சு வரைக்கும் எகிறி வருமா?" என்பாள். "புது உமி வாங்கணும், மூட்ட தைக்கணும், அடுத்த வருசம் பாக்கலாம்" என்பார். அடுத்த வருஷமும் இதே பேச்சு நடக்கும். பாக்கியம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மீன் குழம்பைக் கிளறப் போய்விடுவாள்.

இறங்கி வந்த செபாஸ்தியான், தலையெல்லாம் உமியோடு, ஒரு கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு சொன்னார்: "பாக்கியம், உன் தம்பி நம்ம வூட்டு விருந்தாளி. இந்தத் தரம் அவனும் லிடியாவும் நடு ரூம்லயே படுக்கட்டும். நான் அந்தச் சின்ன ரூம்ல ஒரு கட்டில் போட்டுக்கறேன்."

பாக்கியம் மறுபடியும் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

வியாழக்கிழமை மார்ட்டினும் அவன் மனைவி லிடியாவும் உளுந்தூர்பேட்டையில் பஸ் மாறி வந்து இறங்கினார்கள். மத்தியானம் கோழிக் குழம்பு. சாப்பிட்டு முடித்ததும் செபாஸ்தியான் மச்சானைத் தோளைப் பிடித்து நடு ரூமுக்குள் அனுப்பி வைத்தார். பிறகு சின்ன ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

ஆஹா, அதைச் சொல்லி மாளாது. இரண்டு அடுக்கு உமி. இடுக்கில்லாமல் ஒட்டி வைத்தது. அவர் கையால் இத்தனை ஒழுங்காக ஒரு வேலை நடந்ததே கிடையாது. உள்ளே குகை மாதிரி இருந்தது. படுத்த கொஞ்ச நேரத்தில் கால் பெருவிரல் சில்லிட்டது. பீரோவைத் திறந்து ஒரு போர்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டார். மே மாதத்தில், கள்ளக்குறிச்சியில், மத்தியானம் போர்வை! அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்துக்கொண்டே தூங்கிப்போனார்.

நான்கு மணிக்கு எழுந்து வந்தபோது மார்ட்டின் ஹாலில் உட்கார்ந்திருந்தான். பனியனைப் பிழிந்தால் ஒரு சொம்பு தேறும்.

"தூக்கம் எப்டி மச்சான்?" என்றார் செபாஸ்தியான் கரிசனமாக.

"சூப்பர் மாமா. நல்லா வேர்த்துது. மெட்ராஸ்ல இதுக்குன்னு காசு குடுத்து ஸ்டீம் பாத் எடுக்கறாங்க. உடம்புல இருக்கற கெட்ட நீரெல்லாம் எறங்கிப் போச்சு."

செபாஸ்தியானுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். இருந்தாலும் எத்தனை நாளைக்கு இறங்கும், பார்ப்போம் என்று டீயை உறிஞ்சினார். அவர் தோளில் போர்வை அப்படியே கிடந்ததை அவர் கவனிக்கவில்லை. பாக்கியம் கவனித்தாள். இன்னொன்றையும் கவனித்தாள். ராணி என்கிற அந்த வீட்டுப் பூனை வருஷம் தவறாமல் வெயில் காலத்தில் நடு ரூம் கட்டிலடியில்தான் படுக்கும். இப்போது அது சின்ன ரூமிலிருந்து சோம்பல் முறித்துக்கொண்டு வெளியே வந்துகொண்டிருந்தது.

அன்றைக்குச் சாயங்கால ஜெபமாலை முடிந்ததும் பாக்கியம் எழுந்திருக்காமலே சொன்னாள்: "இன்னாங்க, எனக்கு மனசே கேக்கல. ஜன்னலில்லாத ரூம்ல நீங்க கெடந்து வேகறீங்க. நாங்கள்லாம் இன்னா கல் நெஞ்சக்காரங்களா? நாளைலருந்து நீங்க நடு ரூமுக்குப் போங்க. தம்பியும் லிடியாவும் சின்ன ரூம்ல படுத்துக்கட்டும்."

"வேணாம் பாக்கியம். எனக்கு அங்கயே—"

"அய்யோ மாமா" என்றான் மார்ட்டின், கண் கலங்க. "எங்களுக்காக இவ்ளோ கஷ்டப்பட்டீங்களா? முடியவே முடியாது. நீங்க நடு ரூம்தான்."

சபதம் நிறைவேறிவிட்டது. நடு ரூம் கட்டில் செபாஸ்தியானுக்கே கிடைத்துவிட்டது. வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர் அதில் படுத்து அப்பளம் போலப் பொரிந்தார். தலைக்கு மேலே வெறும் பலகை, அதற்கு மேலே வெறும் ஓடு. மின்விசிறி அந்தச் சூட்டை மேலிருந்து எடுத்து அவர் மேல் ஒழுங்காக விநியோகம் செய்தது. பக்கத்துச் சின்ன ரூமில் சத்தமே இல்லை. நான்கு மணிக்கு லிடியா சால்வை போர்த்திக்கொண்டு வெளியே வந்தாள்.

"அண்ணா, உங்க வூடு ஊட்டிண்ணா" என்றாள்.

விடக்கூடாது என்று செபாஸ்தியான் முடிவு செய்தார். ஏணி இன்னும் நடையில்தான் சாத்தியிருந்தது. ஆனால் வீட்டில் ஆள் இருக்கும்போது எப்படி ஏறுவது? மாதாவே வழி விட்டது போல, சனிக்கிழமை காலையில் பாக்கியம் தானாகவே சொன்னாள்: "இவங்கள கோமுகி அணைக்குக் கூட்டிகினு போய்ட்டு வரேன். நீங்க வரீங்களா?"

"எனக்கு இடுப்பு புடிச்சிருக்கு."

"அப்ப ரெஸ்ட் எடுங்க. மச்சு மேல ஏதோ பெரிய எலி சுத்தற மாதிரி இருக்குது. முடிஞ்சா ஒரு பார்வ பாருங்க."

பஸ் கிளம்பிய சத்தம் கேட்டதோ இல்லையோ, இடுப்புப் பிடிப்பு மேலே ஏறியது. பத்து மணி வெயிலில் அந்த ஓட்டுக்கடியில் அவர் பட்ட பாடு எதிரிக்கும் வேண்டாம் என்று சொல்லலாம், மார்ட்டினுக்கு வேண்டுமானால் வரட்டும். ஒவ்வொரு மூட்டையாக இழுத்து, தவழ்ந்து, மறுபடி நடு ரூமின் மேலே ஒட்டி ஒட்டிப் பரப்பினார். ஒட்டடை வாயில் போயிற்று. கழுத்தில் உமி ஊறியது. கடைசி மூட்டையை வைத்தபோது ஓர் இடுக்குகூட இல்லாமல் கச்சிதமாக உட்கார்ந்தது. அவர் அதைத் தட்டிக் கொடுத்தார். குளித்துவிட்டு, பவுடர் போட்டுக்கொண்டு, ஒன்றும் தெரியாதவர் மாதிரி பேப்பர் படித்தார்.

"இன்னாண்ணா கழுத்தெல்லாம் சிவந்து கெடக்குது?" என்றாள் திரும்பி வந்த லிடியா.

"வேர்க்குரு" என்றார்.

சோறு பரிமாறும்போது பாக்கியம் கரண்டியை நிறுத்தினாள். "லிடியாவுக்கு ஜன்னலில்லாத ரூம்ல மூச்சு முட்டுதாம். வாயத் தொறந்து சொல்ல சங்கடப்படுது. அவங்க நடு ரூமுக்கே போட்டும். நீங்கதான் சின்ன ரூம் போதும்னு மொதல்லயே சொன்னீங்க. உங்க மனசு யாருக்கு வரும்?"

செபாஸ்தியான் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தார். லிடியா குனிந்து மோர் ஊற்றிக்கொண்டாள். அவள் தோள் லேசாகக் குலுங்கியது. பாவம், சங்கடம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

அன்று மத்தியானம் சின்ன ரூமில் அவர் பட்டது நடு ரூமில் பட்டதை விட ஜாஸ்தி. நடு ரூமில் ஜன்னலாவது இருந்தது. பூனை வாசல் வரை வந்து, உள்ளே எட்டிப் பார்த்து, திரும்பி நடு ரூமுக்குப் போய்விட்டது.

சாயங்கால ஜெபமாலையில் பாக்கியம் ஒரு வேண்டுதலைச் சேர்த்துக்கொண்டாள். "மச்சு மேல சுத்தற அந்த ஜீவனுக்கு நல்ல புத்தி குடுக்கணும்னு வேண்டிக்குவோம்." எல்லோரும் வேண்டிக்கொண்டார்கள். செபாஸ்தியானும் கண்ணை மூடி வேண்டிக்கொண்டார்.

ஜெபம் முடிந்ததும் அடுத்த குண்டு. மார்ட்டின் பல் விளக்கப் போயிருந்த நேரம் பார்த்து லிடியா மெல்ல ஆரம்பித்தாள். "அண்ணி, இவர் கொறட்டைல எனக்குத் தூக்கமே இல்ல. நான் தனியா படுத்துக்கட்டுமா?"

"தாராளமா படு. அவன் நடு ரூம்ல இருக்கட்டும். நீ சின்ன ரூமுக்குப் போ, கதவ தொறந்து வெச்சிக்க, மூச்சு முட்டாது." பாக்கியம் புருஷனைப் பார்த்தாள். பார்வையில் அத்தனை பரிவு. "உங்களுக்குச் சமையக்கட்டுல கட்டில் போட்டுடறேன். ஹால்ல படுத்தா போன வருசம் மாதிரி கொப்புளம் வந்துடும்."

"சமையக்கட்டுலயா?"

"நான் நாள் பூரா அங்கதான நிக்கறேன். உங்களுக்கு மத்தியானம் ஒரு ரெண்டு மணி நேரம் ஆவாதா?"

செபாஸ்தியான் துண்டை எடுத்து உதறப் பார்த்தார். துண்டு துவைக்கப் போயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவர் விடியற்கால முதல் பூசைக்குத் தனியாகப் போய்விட்டு வந்துவிட்டார். மற்ற மூன்று பேரும் இரண்டாம் பூசைக்குக் கிளம்பினார்கள். கோயில் மணி அடிக்கும்போது செபாஸ்தியான் மச்சு மேலே முழங்காலில் நின்றார். இனி இது மார்ட்டினோடு சண்டை இல்லை, மானப் பிரச்சினை. அத்தனை மூட்டைகளையும் சமையற்கட்டின் மேலே கொண்டு சேர்த்தார். ஓரம் முதல் ஓரம் வரை, இரண்டு அடுக்கு, ஒரு விரல் நுழையக்கூட இடமில்லாமல். அமுக்கவில்லை. ஓட்டில் முட்டவில்லை. காற்றுப் போக இடம் விட்டார். இரண்டு கோணி கிழிந்திருந்ததைக்கூட மேலேயே உட்கார்ந்து கோணி ஊசியால் தைத்தார். இப்போது யார் வந்தாலும் சரி, சமையற்கட்டில் படுக்க வைக்க எந்த விருந்தாளியையும் பாக்கியத்தால் கூப்பிட முடியாது. ஜெயித்தாயிற்று! ஏணியில் இறங்கும்போது அவருக்கு வயது பத்துக் குறைந்திருந்தது.

கிணற்றடியில் உமி அரிப்பு அடங்கும்வரை ஒரு மணி நேரம் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, துடைத்துக்கொண்டு வந்தபோது பூசை முடிந்து எல்லோரும் வந்துவிட்டிருந்தார்கள். சமையற்கட்டில் பிரியாணி வேகும் வாசனை. செபாஸ்தியான் கையை வீசிக்கொண்டு உள்ளே நுழைந்தார். அடேயப்பா, என்ன குளுமை! அடுப்பு எரிகிறது, இருந்தும் வியர்க்கவில்லை.

ஆனால் கட்டிலைக் காணோம்.

"பாக்கியம், கட்டில் எங்க?"

"நடு ரூம்ல. உங்க கட்டில்தான? உங்களுக்கே."

"மார்ட்டினு?"

"சாப்ட்டுட்டு மத்தியான பஸ்ஸுக்குக் கெளம்பறாங்க. லிடியாவோட அக்கா வெள்ளிமலை ஆஸ்பத்திரில நர்ஸா இருக்குதுல்ல? மாசம் பூரா அங்கதான். மலை மேல சில்லுனு இருக்கும்."

"எப்ப முடிவு பண்ணாங்க?"

"போன் பண்ணப்பவே சொன்னான். ஞாயித்துக்கிழம வரைக்கும்தான் இங்கன்னான். முழுசா கேளுங்கன்னு உங்க கிட்ட எத்தினி தரம் சொன்னேன்? நீங்கதான் துண்ட ஒதறிகினு போயிட்டீங்க."

வாசற்படியில் சாய்ந்து நின்ற லிடியா இப்போது குனிந்துகொள்ளவில்லை. வாய்விட்டுச் சிரித்தாள். செபாஸ்தியான் அவளைப் பார்த்தார், பாக்கியத்தைப் பார்த்தார், மச்சைப் பார்த்தார்.

"அப்ப கொறட்டை?"

"என் தம்பி எங்கிங்க கொறட்டை வுடறான்? இந்தப் பொண்ணுக்கு நான்தான் சொல்லிக் குடுத்தேன். நல்லாதான் சொல்லிச்சி."

"உனக்கு எப்ப தெரியும்?"

"வியாழக்கிழமையே. மே மாசத்துல போர்வயோட வெளிய வந்த ஒரே ஆம்பள இந்த ஜில்லாவுலயே நீங்கதான். சந்தேகமா இருந்துது. பூனையப் பாத்தேன், சந்தேகம் போயிடுச்சி." பாக்கியம் பிரியாணிப் பானையை மூடி, மேலே தணலுக்குப் பதில் கனமான அம்மிக் குழவியை வைத்தாள். "நீங்க நிம்மதியா வேல பாக்கணுமேன்னு அந்த வெயில்ல இவங்கள அணைக்கெல்லாம் இழுத்துகினு போனேன். லிடியாவுக்கு மூஞ்சே கறுத்துப் போச்சு."

செபாஸ்தியான் விறைத்துக்கொண்டார். "சரி. இருக்கட்டும். இப்பவே ஏறி மூட்டய மறுபடி நடு ரூமுக்கு மாத்திடறேன்."

"மாத்துங்க."

விடுவிடுவென்று நடைக்குப் போனார். ஏணி சாத்தியிருந்த இடத்தில் சுவர்தான் இருந்தது. அதே வேகத்தில் திரும்பி வந்தார்.

"ஏணி?"

"நீங்க குளிக்கப் போனப்ப கொளஞ்சியப்பன் வந்து வாங்கிகினு போயிட்டான். மலை மேல கரியாலூர்ல பெயிண்ட் வேலையாம். ஜூன் மாசம்தான் எறங்கி வருவான்."

"ஊர்ல வேற ஏணியே இல்லயா?"

"எத்தினியோ இருக்குது. போய்க் கேளுங்க. எதுக்கு வாத்தியாரேன்னு கேப்பாங்க. சமையக்கட்டுல என் பொண்டாட்டிக்குச் சில்லுனு இருக்குது, அதப் புடுங்கணும்னு சொல்லுங்க."

பாக்கியம் முந்தானையை எடுத்து வழக்கம் போல முகத்தைத் துடைக்கப் போனாள். துடைக்க ஒன்றும் இல்லை. முந்தானையைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். அவள் குரல் கொஞ்சம் மாறியது.

"கண்ணாலமாகி இந்த வூட்டுக்கு வந்த நாள்லருந்து கேட்டேன். இந்த அடுப்பு முன்னாடி நின்னு நான் வெந்தது எனக்குதான் தெரியும். ஒரு நாளும் எனக்காக நீங்க அந்த ஏணில ஏறல. உங்க கட்டிலுக்காக மூணு தரம் ஏறினீங்க. நான் பாத்தேன், ஏறதுதான் ஏறீங்க, கடசியா எறக்கி வெக்கற எடம் இதுவா இருக்கட்டும்னு."

செபாஸ்தியான் நிமிர்ந்து மச்சுப் பலகையைப் பார்த்தார். இத்தனை கச்சிதமாக அவர் எந்த வேலையும் செய்ததில்லை. கிழிந்த கோணியைக்கூடத் தைத்திருந்தார். அதை நினைக்கத்தான் அவருக்கு வயிறு எரிந்தது. கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

மார்ட்டின் போகும்போது மாமாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "இந்த வூட்ட நீங்க பாத்துக்கற மாதிரி யாரும் பாத்துக்க மாட்டாங்க மாமா" என்றான். அவன் நிஜமாகவே சொன்னான். அவனுக்கு ஒன்றுமே தெரியாது.

மறுநாள் மத்தியானம். நடு ரூம். அவருடைய சொந்தக் கட்டில். போட்டிக்கு ஆளில்லை, பங்குக்கு ஆளில்லை. செபாஸ்தியான் மோர்ச்சோறு சாப்பிட்டுவிட்டுப் படுத்தார். இடது பக்கம் வெந்ததும் வலது பக்கம் திரும்பினார். வலது பக்கமும் வெந்தது. தலையணை சுட்டது. எழுந்தார். சின்ன ரூமை எட்டிப் பார்த்தார். ஹாலை எட்டிப் பார்த்தார். கடைசியில் கால்கள் தாமாகவே சமையற்கட்டு வாசலுக்குப் போய் நின்றன.

உள்ளே பாக்கியம் தரையில் பாய் விரித்து, கையைத் தலைக்கு வைத்துக் கண்ணை மூடியிருந்தாள். அவளை மத்தியானத்தில் படுத்துப் பார்த்த ஞாபகமே அவருக்கு இல்லை. அவள் காலடியில் பூனை சுருண்டிருந்தது. வாசலிலேயே குளுமை முகத்தில் அடித்தது.

"பாக்கியம்."

"ம்."

"நானும் இங்க ஒரு ஓரமா..."

அவள் கண்ணைத் திறக்கவில்லை. கையை மட்டும் நீட்டி, பக்கத்தில் இருந்த முறத்தை அவர் பக்கம் தள்ளினாள். முறம் நிறையச் சின்ன வெங்காயம்.

"குந்துங்க. சத்தம் வராம உரிங்க, நான் தூங்கணும்."